படிவத்தில் ஒரு ‘தெரியாது’

1

இன்று காலை ஆசெத் எங்கள் வக்கீல் கந்தோருக்குப் படியேறி வந்தார். கையில் துணியால் மூடிய ஒரு தட்டு. பூசணிக்காய் வைத்துச் சுட்ட தட்டையான ரொட்டி, மேலே உருகிய வெண்ணெய். அவருடைய அகதிக் கேஸ் வென்று இன்றோடு ஒரு வருடமாம். நாள் எனக்கு நினைவில் இருக்கவில்லை. அவருக்கு இருந்தது. எங்கள் லோயர் ராஜி அக்கா மூன்று ரொட்டி சாப்பிட்டுவிட்டு, “டயற் நாளையிலையிருந்து” என்றார். ஒரு மாதமாக அந்த நாளை வந்துகொண்டிருக்கிறது.

ஆசெத் போகும்போது, அவரைப் பற்றி ஊர்ப் பத்திரிகைக்கு எழுதலாமா என்று கேட்டேன். ஒரு வருடத்தில் அவர் கொஞ்சம் ஆங்கிலம் பிடித்துவிட்டார். யோசித்துப் பார்த்துச் சொன்னார்: “என் பெயரை மாற்று. மகனுடைய பெயரையும் மாற்று. சலாவ்தியின் பெயரை மாற்றாதே.”

சலாவ்தி அவருடைய கணவரின் தம்பி. அந்தப் பெயரை அவர் வாயால் கேட்டது எனக்கு அது இரண்டாம் தடவை. முதல் தடவை கேட்டதைப் பற்றித்தான் இந்தக் குறிப்பு.

2

என் வேலை மற்றவர்களுடைய கதைகளைத் தேதி வரிசையில் அடுக்குவது. கனடாவில், ஸ்காபரோவின் மில்லிக்கன் பக்கம் ஒரு பிளாசாவின் மேல்மாடியில் எங்கள் கந்தோர். கீழே நகைக்கடை, கொத்துரொட்டிக் கடை, வருமான வரி நிரப்பித் தருகிற ஓர் அண்ணை. அகதிக் கோரிக்கை வைக்கிறவர்கள் வந்து தங்களுக்கு நடந்ததைச் சொல்ல, நான் படிவத்தில் தட்டச்சு செய்வேன். எங்கள் ஆட்கள் இதைக் ‘கேஸ் எழுதுறது’ என்பார்கள். அரசறிவியல் படித்துவிட்டு வந்த எனக்கு அந்தச் சொல் முதலில் பிடிக்கவில்லை. இப்போது நானும் அப்படித்தான் சொல்கிறேன்.

ஆசெத்தை எங்களிடம் கொண்டுவந்தது அவருடைய வீட்டுக்காரர். மோர்னிங்சைட்டில் ஒரு தமிழருடைய வீட்டு பேஸ்மென்டில் ஆசெத்தும் பத்தொன்பது வயது மகன் இஸ்மாயிலும் வாடகைக்கு இருந்தார்கள். அந்த அண்ணை இருவரையும் தன்னுடைய வான் வண்டியில் ஏற்றி வந்து இறக்கினார்.

“தங்கச்சி, இவை ரஷ்யாவில இருந்து வந்த ஆக்கள். ஆனா ரஷ்யர் இல்லையாம். எங்களைப் போலை கேஸ்தான். பாத்துச் செய்யுங்கோ.”

‘எங்களைப் போலை கேஸ்’ என்று அவர் சொன்ன விதம், பக்கத்து ஊர்க்காரரை அறிமுகப்படுத்துவதுபோல இருந்தது.

செச்சினியாவைப் பற்றி எனக்குத் தெரிந்ததெல்லாம் பல்கலைக்கழகத்தில் கேட்ட இரண்டு விரிவுரைகள். அன்று பின்னேரமே நூலகத்துக்குப் போய் ஐந்து புத்தகங்கள் எடுத்தேன். இரண்டு கிழமையில் ரஷ்ய எழுத்துகளைக் கூட்டி வாசிக்கப் பழகினேன். நான் அப்படித்தான். ஒன்று பிடித்துவிட்டால் சோறு தண்ணி வேண்டாம். மூன்றாம் கிழமை வேறொன்று பிடிக்கும் என்பது அம்மாவின் முறைப்பாடு.

உங்களுக்காகச் சுருக்கமாக: கவ்காஸ் மலைகளின் வடக்கே ஒரு சின்ன நிலம். 1944 பெப்ரவரியில் அந்த மக்கள் முழுப்பேரையும் சரக்கு ரயில்களில் அடைத்துக் கஸகஸ்தான் பக்கம் கொண்டுபோய்ப் பனியில் இறக்கினார்கள். வழியிலும் போன இடத்திலும் செத்தவர்கள் ஏராளம். பதின்மூன்று வருடத்துக்குப் பிறகுதான் திரும்பி வர விட்டார்கள். சோவியத் ஒன்றியம் உடைந்த நேரம் தாங்கள் தனிநாடு என்று அறிவித்தார்கள். 1994 கடைசியில் ரஷ்யப் படை உள்ளே வந்தது. தலைநகர் குரோஸ்னியில் கட்டடம் என்று சொல்லக்கூடியதாக அதிகம் மிஞ்சவில்லை. ’96இல் படை திரும்பிப் போனது. ’99இல் மறுபடி வந்தது, அந்த முறை போகவில்லை. ‘துப்புரவு’ என்று அதற்கொரு பெயர் வைத்து ஊர் ஊராக வளைத்து ஆண்களைக் கொண்டுபோனார்கள். இப்போது அங்கே மொஸ்கோவுக்கு வேண்டிய உள்ளூர் ஆட்சி, புதுக் கட்டடங்கள், அகலமான தெருக்கள்.

சுற்றிவளைப்பு என்றால் என்ன என்று இதை வாசிக்கிற உங்களுக்கு நான் விளக்கத் தேவையில்லை.

கந்தோர் வெள்ளைப் பலகையில் நடுவே ஒரு கோடு போட்டு, இந்தப் பக்கம் ஈழம், அந்தப் பக்கம் செச்சினியா என்று ஒப்பிட்டு எழுதி வைத்தேன். பதினேழு ஒற்றுமைகள். ராஜி அக்கா வாசலில் நின்று வாசித்தார்.

“வடிவா எழுதியிருக்கிறீர். கேஸுக்கு இதில ஒண்டும் உதவாது. அழியும்.”

அழிப்பதற்குள் ஆசெத் அதைப் பார்த்துவிட்டார். அது என்னவென்று விளக்கினேன், ஓல்கா வழியாக. ஓல்கா தொலைபேசியில் வருகிற ரஷ்ய மொழிபெயர்ப்பாளர். எல்லாவற்றையும் ஒரே குரலில் சொல்வார், குண்டையும் கோப்பியையும். ஆசெத் பலகையை நேரமெடுத்துப் பார்த்துவிட்டு ஒரேயொரு கேள்வி கேட்டார்.

“உங்கள் போரில் பனி பெய்ததா?”

“இல்லை.”

“அப்படியென்றால் வெளியே படுக்கலாம்.”

“மழை பெய்தது,” என்றேன், விட்டுக்கொடுக்காமல்.

“மழை நல்லது,” என்றார். “தண்ணீருக்குப் போகத் தேவையில்லை.”

தண்ணீருக்குப் போகிறவர் சலாவ்தி என்பது பிறகுதான் வந்தது.

3

மூன்று சந்திப்புகளில் அவர் சொன்னதை நான் எழுதினேன். குரோஸ்னியில் அவருடைய புகுந்த வீடு. கணவர், கணவரின் தாய், கணவரின் தம்பி. முதலாம் போர்க் குளிர்காலத்தில் பக்கத்து மாடிக் கட்டடத்தின் நிலவறையில் முப்பது பேருடன் இருந்தார்கள். அதில் ரஷ்யர்களும் இருந்தார்கள். செச்சினியர்களுக்காவது ஓடிப்போக மலையில் சொந்தக்காரர் இருந்தார்கள், அந்த ரஷ்யக் கிழவர்களுக்குப் போக ஊரே இல்லை. ஓய்வுபெற்ற ரஷ்ய ஆசிரியை ஒருவர் அந்த நிலவறையில் செத்துப்போனார். ரஷ்யக் குண்டு. முற்றத்தில் புதைத்தார்கள். குழி வெட்டியவர் கணவரின் தம்பி.

குழி வெட்டியவரும் அவர்தான், எறிகணைக்கு நடுவே இரண்டு வாளியோடு தண்ணீருக்குப் போய் வந்தவரும் அவர்தான். வீட்டு வாசல் படலையில் வெள்ளைப் பெயின்றால் ‘இங்கே மனிதர் வாழ்கிறார்கள்’ என்று எழுதியவரும் அவர்தான். அந்த நகரத்தில் பலர் தங்கள் படலையில் அப்படி எழுதி வைத்திருந்தார்களாம், படையினர் கைக்குண்டு எறியாமல் இருப்பதற்காக. ஆசெத்திடம் அதன் படம் ஒன்று இருந்தது. ரஷ்ய எழுத்து பழகியிருந்ததால் நானே கூட்டி வாசித்தேன். அன்றைக்கு எனக்குப் பெரிய சந்தோஷம், என்னைப் பற்றி.

அந்தத் தம்பி பிறகு விடுதலைக்காகப் போராடியவர்களோடு சேர்ந்தார். இரண்டாம் போரில், ஒரு துப்புரவு நாளில், அதே படலையடியில் வைத்துக் கொண்டுபோனார்கள். திரும்பவில்லை. உடலும் இல்லை. அன்றிலிருந்து அந்த வீடு பொலிஸின் பட்டியல் ஒன்றில் இருந்தது. அவர் போய் ஐந்து வருடம் கழித்துப் பிறந்தவன் இஸ்மாயில். கணவர் நோயில் இறந்தார். பட்டியல் இறக்கவில்லை. ரஷ்யா உக்ரேனுக்குள் போனபின், இஸ்மாயிலை உள்ளூர்ப் பொலிஸ் கூப்பிட்டு, உன் சித்தப்பாவின் கறையை நீ போர்முனைக்குப் போய்க் கழுவலாம் என்றது. போகாவிட்டால் என்ன நடக்கும் என்பதையும் சொன்னது. தாயும் மகனும் கனடாவுக்கு வந்தது அதற்குப் பிறகு.

ஆக, கேஸ் முழுவதும் அந்தத் தம்பியில்தான் நின்றது. அவர் யாரென்று நிறுவினால் இஸ்மாயில் இங்கே இருப்பான். இல்லையென்றால் திருப்பி அனுப்புவார்கள், அங்கே விமான நிலையத்திலேயே ஆள் நிற்கும். கணவரின் பெயரைக் கல்யாணப் பதிவிலிருந்து எடுத்திருந்தேன், தம்பிக்கு அப்படிக் கடதாசி எதுவும் அப்போது கையில் இருக்கவில்லை.

“கணவரின் தம்பியுடைய பெயர்?” என்று ஓல்கா என் சார்பில் கேட்டார்.

ஆசெத் பதில் சொல்லவில்லை. ஓல்கா மறுபடி கேட்டார். ஆசெத் பக்கத்துக் கதிரையைப் பார்த்தார். இஸ்மாயில் அன்று வேலைக்குப் போயிருந்தான், கதிரை காலி. பிறகு மேசை விளிம்பைப் பார்த்தார். முகம் கொஞ்சம் சிவந்திருந்தது.

எனக்கு உடனே விளங்கிவிட்டது. அதுதான் பிழை.

4

நான் என்ன விளங்கினேன் என்று சொல்வதற்கு, எனக்கு ஒன்பது வயதாக இருந்தபோது கொழும்பில் நடந்த ஒரு விசா நேர்முகத்துக்குப் போக வேண்டும். அப்பா முன்னமே கனடா வந்துவிட்டார். அம்மாவும் நானும் அவரிடம் வருவதற்கான நேர்முகம். முதல் நாள் லொட்ஜ் அறையில் அம்மா எனக்கு இரண்டு பாடம் எடுத்தார்.

“அப்பான்ரை பேரைக் கேட்டால் நீ சொல்லோணும். முழுப்பேரும். விளங்குதோ?”

“நீங்கள் சொல்ல மாட்டியளோ?”

“வாயைப் பொத்து. சொன்னதைச் செய்.”

அம்மா இன்றுவரை அப்பாவைப் பெயர் சொல்லிக் கூப்பிட்டதில்லை. “இஞ்சேருங்கோ”, “இவர்”, “அபியின்ரை அப்பா.” மற்ற ஆட்களிடம்கூட அந்தப் பெயரைச் சொல்லமாட்டார். மரியாதையாம். நான் பள்ளிக்கூடத்தில் படித்த எந்தப் பெண்ணியக் கோட்பாடும் அவரை அசைக்கவில்லை.

இரண்டாவது பாடம்: “சின்ன மாமாவைப் பற்றிக் கேட்டால் தெரியாது எண்டு சொல்லு. பேர் கேட்டாலும் தெரியாது.”

சின்ன மாமா அம்மாவின் கடைசித் தம்பி. இயக்கத்துக்குப் போனவர். போரின் கடைசி மாதங்களில் காணாமல் போய்விட்டார். அவருடைய பெயர் கடதாசி ஒன்றில் இருந்தால் எங்கள் எல்லோருடைய விசாவும் போய்விடும் என்று லொட்ஜில் இருந்த எல்லாரும் சொன்னார்கள்.

நேர்முகத்தில் அந்த அதிகாரி அம்மாவிடம் கணவரின் பெயரைக் கேட்டார். அம்மா என் முழங்கையில் தட்டினார். நான் சபையில் தேவாரம் பாடுவதுபோல அப்பாவின் முழுப்பெயரையும் சொன்னேன். அதிகாரி சிரித்தார். சின்ன மாமாவைப் பற்றி ஒருவரும் கேட்கவில்லை. நாங்கள் வந்துவிட்டோம். ஆனால் கேட்கப்படாத அந்தக் கேள்விக்கான பதில் எங்கள் வீட்டில் தங்கிவிட்டது. ஸ்காபரோவிலும் அம்மா அவர் பெயரைச் சொல்வதில்லை.

ஆசெத் மேசை விளிம்பைப் பார்த்தபோது எனக்கு நினைவுக்கு வந்தது அந்த இரண்டாவது பாடம். போராடப் போனவரின் பெயரைக் கடதாசியில் ஏற்ற விருப்பமில்லை. எங்கள் ஆட்கள் எத்தனை பேர் என் முன்னால் இருந்து அதே மேசை விளிம்பைப் பார்த்திருக்கிறார்கள். நான் ஓல்காவிடம், அடுத்த கேள்விக்குப் போவோம் என்றேன். ஆசெத்தைப் பார்த்து மெல்லத் தலையாட்டினேன். பயப்படாதேங்கோ, எனக்குத் தெரியும் என்கிற தலையாட்டல். அவரும் நிம்மதியாகத் தலையாட்டினார். இருவரும் வேறு வேறு விஷயத்துக்கு.

படிவத்தின் ஆறாம் பக்கத்தில், கணவரின் சகோதரர் பெயர் என்ற இடத்தில், ‘கோரிக்கையாளருக்குத் தெரியாது’ என்று தட்டினேன். பன்னிரண்டு பக்கத்தையும் ஓல்கா தொலைபேசியில் வேகமாக வாசித்துக் காட்டினார். ஆசெத் கையெழுத்துப் போட்டார். அனுப்பிவிட்டோம்.

5

விசாரணைக்கு மூன்று கிழமை இருக்கும்போது குரோஸ்னியிலிருந்து வந்த வீட்டுப் பதிவேட்டின் மொழிபெயர்ப்பு கைக்குக் கிடைத்தது. அந்த நாட்டில் ஒவ்வொரு வீட்டிலும் யார் யார் இருந்தார்கள் என்று பதிகிற கொப்பி. ராஜி அக்கா அதையும் படிவத்தையும் பக்கத்தில் பக்கத்தில் வைத்தார்.

“அபி, இஞ்சை ஒருக்கா வாரும்.”

போனேன்.

“இந்தப் பதிவேட்டில மனிசிக்குக் கீழை ஆற்ரை பேர் இருக்கு?”

“சலாவ்தி.”

“ஒரே வீட்டில பத்து வருஷத்துக்கு மேலை. சரியோ? இப்ப நீர் எழுதினதை வாசியும்.”

வாசித்தேன்.

“பத்து வருஷம் சோறு போட்ட மனிசன்ரை பேர் தெரியாதாம். உதை ஆர் நம்புவினம்? விசாரிக்கிறது நானெண்டால் அந்த இடத்திலயே ஃபைலை மூடிப்போட்டு ரீ குடிக்கப் போயிடுவன்.”

“அக்கா, அவ பயத்தில சொல்லேல்லை. நான் நினைச்சன், எங்கடை ஆக்கள் மாதிரி…”

“அவ சொன்னவவோ, பயம் எண்டு?”

“இல்லை.”

“தெரியாது எண்டு சொன்னவவோ?”

“இல்லை.”

“பிறகு ஆர் சொன்னது?”

ராஜி அக்கா கண்ணாடியைக் கழற்றினார். அவர் கோபப்பட்டால் கத்தமாட்டார், கண்ணாடியைத்தான் கழற்றுவார்.

“விசாரணைக்குப் பத்து நாளுக்கு முதல் திருத்தம் போகோணும். இண்டைக்கே போய்க் கேட்டுக்கொண்டு வாரும். கேட்கிறது. நினைக்கிறதில்லை.”

இரண்டு பஸ் மாறி மோர்னிங்சைட்டுக்குப் போனேன். பேஸ்மென்டில் இஸ்மாயில் இருந்தான். அவன் வந்து எட்டு மாதம்தான், ஆங்கிலம் அதற்குள் எங்கள் ஸ்காபரோப் பெடியன்களுடையதைப்போல ஆகியிருந்தது, பக்கத்துத் திடலில் அவர்களோடு பந்தடித்ததில். அவன் மொழிபெயர்த்தான். எனக்குக் கஷ்டமாக இருந்தது, ஏனென்றால் நான் சொல்லவேண்டியது அவனுடைய உயிரைப் பற்றியது.

நீங்கள் பாதுகாப்புக்காக அவருடைய பெயரை மறைத்தீர்கள், அதனால் நான் தெரியாது என்று எழுதினேன், இப்போது அது கேஸைக் கெடுக்கிறது, பெயர் வேண்டும் என்றேன்.

இஸ்மாயில் மொழிபெயர்க்காமல் என்னைப் பார்த்தான். “வெயிட். அம்மா பெயரைச் சொல்லமாட்டா, அது சும்மா எங்கடை வழக்கம். கல்யாணம் கட்டின பெண் கணவன் வீட்டு ஆட்களின் பெயரைச் சொல்லக் கூடாது. வாழ்க்கை முழுக்க. தானே ஒரு பெயர் வைத்துத்தான் கூப்பிடுவா. சித்தப்பாவுக்கு அம்மா வைத்தது ‘நல்லவர்’.” பிறகு தோளைக் குலுக்கினான். “என்னைக் கட்டுற பிள்ளை சொல்லும் எண்டு நினைக்கிறன். ஹூ நோஸ்.” அவன் இதை ஆங்கிலத்தில்தான் சொன்னான். எனக்கு அது இப்படித்தான் கேட்டது.

அதற்குப் பிறகுதான் அவன் தாயிடம் நான் சொன்னதைச் சொன்னான். ஆசெத் அடுப்பை அணைத்துவிட்டு வந்து என் முன்னால் இருந்தார்.

“மறைக்கவா? யாரிடமிருந்து? அவருடைய பெயர் அங்கே ஒவ்வொரு பொலிஸ்காரன் கையிலும் இருக்கிறது. எழுதி வைத்தவர்களே அவர்கள்தான்.”

“எனக்கு விளங்கவில்லை,” என்றேன். “மன்னிக்கவேண்டும்.”

அவர் விடவில்லை. “நீ எழுதினது என்ன? திரும்பச் சொல்.”

“அவருடைய பெயர் உங்களுக்குத் தெரியாது என்று.”

இஸ்மாயில் தயங்கித் தயங்கி மொழிபெயர்த்தான். ஆசெத்தின் குரல் உயரவில்லை.

“அவரைக் கொண்டுபோன பிறகு மூன்று தடவை வந்தார்கள். அவரைத் தெரியாது என்று சொல்லு, உங்களை விட்டுவிடுகிறோம் என்றார்கள். பக்கத்து வீடுகளில் சொன்னார்கள். பாவம், பிள்ளைகள் இருந்தன, சொன்னார்கள். என் மாமியார் சொல்லவில்லை. நான் சொல்லவில்லை. துவக்கு வைத்திருந்தவனிடம் சொல்லாததை, இங்கே நான் கையெழுத்து வைத்துச் சொல்லியிருக்கிறேன்.”

தேநீர் தந்தார். குடித்தேன். வெளியே பஸ் தரிப்பில் நிற்கும்போது எனக்குத் தோன்றியது இது: மேசை விளிம்பைப் பார்க்கிற இரண்டு விதமான மௌனங்களும் எங்கள் வீட்டில் ஒரே ஆளிடம் இருந்தன. நான் பிழையானதை எடுத்துவிட்டேன். அம்மா அப்பாவின் பெயரைச் சொல்லாதது என் கண்ணுக்கு முன்னால் ஒவ்வொரு நாளும் நடப்பது. அது எனக்கு நினைவுக்கே வரவில்லை. பயத்தை நான் வரலாறு என்று படித்திருந்தேன். மரியாதையை அம்மாவின் பழக்கம் என்று ஒதுக்கி வைத்திருந்தேன்.

6

திருத்தம் நேரத்துக்குப் போனது. பிழை என்னுடையது என்று நான் ஒரு சத்தியக் கடதாசி எழுதிக் கையொப்பம் வைத்தேன். அந்த வழக்கத்தைப் பற்றி வெளியான கட்டுரைகளையும் தேடி இணைத்தேன். இந்த முறை என் ஐந்து புத்தகங்களும் உதவின. ராஜி அக்கா திருப்திப்படவில்லை. “முதல் தெரியாது, பிறகு தெரியும். உதை எந்த விசாரிக்கிற ஆளும் ஒருக்கா உரைச்சுப் பாப்பினம்,” என்றார்.

இரவுச் சாப்பாட்டின்போது அம்மாவிடம் சொன்னேன், பெயர் குறிப்பிடாமல், ஒரு மனிசி என்று.

“எழுதலாமெல்லே,” என்றார் அம்மா உடனே. “வாயால சொல்லாட்டி எழுதிக் காட்டலாம். நான் பாங்கில அப்பிடித்தான் செய்யிறனான்.”

இத்தனை வருடமாக இந்த உத்தியை யாருக்கும் சொல்லாமல் வைத்திருந்தார்.

விசாரணை வீடியோவில். எங்கள் கந்தோரின் உள்அறையில் ஆசெத், இஸ்மாயில், ராஜி அக்கா, ஓரமாக நான். ஆசெத்தின் முன்னால் வெள்ளைத் தாளும் பேனாவும் வைத்தேன். திரையில் விசாரிக்கிறவர், நிதானமாகப் பேசும் ஒரு மனிதர். இன்னொரு சதுரத்தில் ஓல்கா. இத்தனை மாதத்தில் அன்றுதான் அவர் முகத்தைப் பார்த்தேன். நரைத்த முடி, கழுத்தில் மஞ்சள் சால்வை.

ஒரு மணித்தியாலம் போனது. தேதிகள், முகவரி, பொலிஸ் அழைப்பு. பிறகு அவர் ஆறாம் பக்கத்துக்கு வந்தார்.

“திருத்தத்தைப் பார்த்தேன். விளக்கத்தையும் பார்த்தேன். ஆனால் இதை உங்களிடமிருந்தே கேட்க வேண்டும். உங்கள் கணவருடைய சகோதரரின் பெயர் என்ன?”

ஓல்கா கேட்டார். ஆசெத் மேசை விளிம்பைப் பார்த்தார்.

ராஜி அக்கா மைக்கில், “கோரிக்கையாளர் எழுதிக் காட்டலாமா?” என்றார்.

“காட்டலாம்,” என்றார் அவர்.

ஆசெத் தாளைப் பார்த்தார். பேனாவை எடுத்தார், மூடியைக் கழற்றினார், திரும்ப மூடினார். தாளின்மேல் வைத்து இரண்டையும் ஒரு கையால் என் பக்கம் தள்ளிவிட்டார்.

“சலாவ்தி,” என்றார்.

கதிரை பின்னால் உரசுகிற சத்தம் கேட்டது. இஸ்மாயில் எழுந்து நின்றான். பெரியவர்கள் அறைக்குள் வந்தால் செச்சினியப் பிள்ளைகள் எழுந்து நிற்பார்கள். இது நான் புத்தகத்தில் வாசித்தது. கைகளைப் பக்கத்தில் வைத்து, திரையைப் பார்க்காமல், நேராக நின்றான். அவன் கண்டேயிராத ஆளுக்காக.

“ஏதாவது பிரச்சினையா?” என்றார் விசாரிக்கிறவர். “அந்த இளைஞர் உட்காரலாம்.”

இஸ்மாயில் உட்காரவில்லை. ஆசெத் திரையைப் பார்த்து இன்னும் ஒரு வசனம் சொன்னார். ஓல்கா அதை மொழிபெயர்க்கும் முன் சால்வையைச் சரிசெய்தார். அவர் குரல் முதல் தடவையாக ஒரே குரலாக இருக்கவில்லை.

“அவரை எனக்குத் தெரியும்.”

விசாரிக்கிறவர் எதையோ எழுதினார். நேரமெடுத்து எழுதினார். பிறகு இருபது நிமிட இடைவேளை என்றார். ராஜி அக்கா ரீ குடிக்கப் போகவில்லை. இடைவேளைக்குப் பிறகு, முடிவை இப்போதே சொல்கிறேன் என்று, பத்து நிமிடம் காரணங்களை வாசித்து, கடைசியில் இருவருடைய கோரிக்கையும் ஏற்கப்படுகிறது என்றார். ஓல்கா கடைசி வசனம்வரை வழக்கமான குரலில் மொழிபெயர்த்துவிட்டு இணைப்பைத் துண்டித்தார்.

ஆசெத் அழவில்லை. மகனின் சேர்ட் கொலரைச் சரிசெய்துவிட்டு, எத்தனை மணிக்குப் பஸ் என்று கேட்டார்.

7

அன்று வீட்டுக்குப் போனபோது அம்மா போஞ்சி வெட்டிக்கொண்டிருந்தார். வென்றுவிட்டது என்றேன்.

“எழுதிக் காட்டினவவோ?”

“இல்லை. வாயால சொன்னவ.”

கத்தி நின்றது. “சண்டைக்குப் போன ஆளின்ரை பேரை?”

“ஓம்.”

“அரசாங்க ஆளிட்டை?”

“ஓம் அம்மா.”

“சொன்ன பிறகுமோ ஓம் எண்டவை?”

“சொன்னபடியாத்தான்.”

அம்மா மிச்சப் போஞ்சியை வெட்டினார். அந்த விஷயம் அத்தோடு முடிந்தது என்று நினைத்தேன்.

ஒரு வருடம் போய்விட்டது. இன்று ஆசெத்தின் ரொட்டியில் இரண்டை வீட்டுக்குக் கொண்டுவந்தேன். அம்மா சூடாக்கிச் சாப்பிட்டுப் பார்த்து, “உப்புக் காணாது, ஆனா நல்ல கை,” என்றார். பின்னேரம் இந்தக் குறிப்பை எழுதி முடித்து, அவரிடம் வாசித்துக் காட்டினேன். எங்கள் வீட்டு விஷயமும் இதில் இருப்பதால் அனுமதி கேட்க வேண்டியிருந்தது. அப்பாவின் பெயர் இதில் இல்லை என்பதைக் கவனித்துத் தலையாட்டினார். கொழும்பு லொட்ஜ் வந்தபோது சிரித்தார். பிறகு நிறுத்தச் சொன்னார்.

“அந்த மனிசி தன்ரை மச்சான்ரை பேரை மாத்த வேண்டாம் எண்டு சொன்னவவோ?”

“ஓம்.”

“நீ என்ரை தம்பியை என்னெண்டு போட்டிருக்கிறாய்?”

“சின்ன மாமா எண்டு.”

“ஏன், அவனுக்குப் பேர் இல்லையோ?”

இருக்கிறது. குகநேசன்.